கடை நொடிவதைக் கணக்கு முன்கூட்டியே சொல்லுமா?
பேராசிரியர் பீவரின் ஆராய்ச்சியும் நமக்கான பாடமும்



நன்றாக நடந்துகொண்டிருந்த கடை ஒன்று மூடப்பட்டால் கடைத்தெருவில் நாம் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோம்: "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்!" மண்டிக்காரருக்கு வரவேண்டிய பாக்கி நின்று போகிறது. கடையில் வேலை பார்த்த பையன்கள் வேறு இடம் தேடுகிறார்கள். முதலாளியின் வீட்டில் நகை போகிறது, பிறகு வீட்டுப் பத்திரமும் போகிறது. கடைசியில் 'மஞ்சள் கடுதாசி' கொடுத்துவிட்டார் என்ற பேச்சு வருகிறது.

உண்மையில் எந்தக் கடையும் ஒரே இரவில் நொடிவதில்லை. பல ஆண்டுகளாக உள்ளே அரித்துக்கொண்டிருப்பது ஒருநாள் வெளியே தெரிகிறது. அப்படியானால் அந்த அரிப்பு கணக்குப் புத்தகத்தில் தெரியுமா? தெரியும் என்றால் எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே தெரியும்? எந்தப் பக்கத்தைப் புரட்டினால் தெரியும்?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, அபிப்பிராயம் சொல்லாமல் எண்களை வைத்தே சோதித்துப் பார்த்தவர் அமெரிக்கக் கணக்கியல் பேராசிரியர் வில்லியம் ஹெச். பீவர். அவருடைய ஆராய்ச்சி பெரிய கம்பெனிகளைப் பற்றியது. ஆனாலும் மளிகைக் கடைக்காரரும் மொத்த வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அதில் நிறைய இருக்கிறது. இந்த இதழில் அதைப் பாடமாகப் படிப்போம்.

யார் இந்தப் பேராசிரியர்?

பீவர் 1940ஆம் ஆண்டு பிறந்தவர். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 1962இல் வணிக நிர்வாகப் பட்டம் பெற்றார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும், 1965இல் முனைவர் பட்டமும் பெற்று, அங்கேயே ஆசிரியரானார். 1969இல் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தம் ஆசிரியப் பணியின் பெரும்பகுதியை அங்கேயே செய்தார். 1987-88இல் அமெரிக்கக் கணக்கியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1996இல், ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம் நிறுவிய 'கணக்கியல் புகழ் மண்டப'த்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அவர் படிக்க வந்த காலத்தில் கணக்கியல் அறிஞர்களின் எழுத்து பெரும்பாலும் 'கணக்கை எப்படி எழுத வேண்டும்' என்ற வாதமாகவே இருந்தது. சரக்கை வாங்கிய விலையில் காட்டுவதா, இன்றைய விலையில் காட்டுவதா, தேய்மானத்தை எப்படிப் போடுவது என்று ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் மறுப்பார். எழுதிய கணக்கு யாருக்காவது பயன்பட்டதா என்று பார்த்தவர்கள் குறைவு. சிகாகோவில் 1960களில் அது மாறத் தொடங்கியது. கம்பெனிகளின் கணக்குகளையும் பங்கு விலைகளையும் பெரிய அளவில் திரட்டி, கம்ப்யூட்டரில் போட்டுச் சோதிக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்களில் பீவர் முக்கியமானவர்.

79 கம்பெனிகளும் அவற்றின் ஜோடிகளும்

1966இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் பீவர் கேட்ட கேள்வி நேரானது. நிதி விகிதங்களைக் கொண்டு ஒரு நிறுவனம் நொடியப்போவதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

1954 முதல் 1964 வரை நொடிந்துபோன 79 கம்பெனிகளை அவர் எடுத்துக்கொண்டார். திவாலானவை 59. முன்னுரிமைப் பங்குக்கு டிவிடெண்டு கொடுக்க முடியாமல் போனவை 16. கடன் பத்திரத்துக்குப் பணம் கட்டத் தவறியவை 3. வங்கிக் கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்துச் சிக்கியது 1. ஆக, திவால் மட்டுமே நொடிவு என்று அவர் கொள்ளவில்லை. கெடு வந்த நாளில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியாமல் போவதே நொடிவு என்பது அவருடைய இலக்கணம். கடைத்தெருவிலும் நம்முடைய இலக்கணம் அதுதானே!

அடுத்து அவர் செய்த காரியம்தான் இந்த ஆராய்ச்சிக்கு உயிர். நொடிந்த ஒவ்வொரு கம்பெனிக்கும், அதே தொழிலில் ஏறக்குறைய அதே சொத்து அளவுள்ள, நொடியாத கம்பெனி ஒன்றைத் தேடி ஜோடி சேர்த்தார். நொடிந்தவர்களை மட்டும் பார்த்தால், அவர்களிடம் கண்ட குறை மற்றவர்களிடமும் இருக்கிறதா என்பது தெரியாது. இரண்டு தட்டிலும் வைத்தால்தானே தராசு பேசும்? பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும், நொடிவுக்கு முந்தைய ஐந்து ஆண்டுக் கணக்குகளை எடுத்து, 30 விகிதங்களைக் கணக்கிட்டார். அவற்றை ஆறு வகையாகப் பிரித்து, வகைக்கு ஒன்றாக ஆறு விகிதங்களைத் தேர்ந்து ஆழமாகச் சோதித்தார்.

கம்பெனி என்பது ஒரு ஏரி

எந்த விகிதம் ஏன் பேச வேண்டும் என்பதற்கு பீவர் ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு நிறுவனத்தைத் தண்ணீர்த் தேக்கம் போல நினைத்துக்கொள்ளச் சொன்னார். நம் பாஷையில் அதை ஏரி என்றே வைத்துக்கொள்வோம். ஏரியில் நிற்கும் தண்ணீர், கையிலும் வங்கியிலும் உள்ள பணமும் உடனே பணமாகக்கூடியவையும். வரத்து வாய்க்கால், வியாபாரத்தில் வரும் பணம். மதகு வழியே போவது செலவும் கடன் தவணையும். மழை ஒரு மாதம் பொய்த்தாலும் பயிர் காயாமல் இருக்க, ஏரியில் நிற்கும் தண்ணீர்தான் காப்பு.

இதிலிருந்து நான்கு விஷயங்கள் தாமாகவே வருகின்றன. ஏரி பெரிதாக இருந்தால் நொடியும் வாய்ப்பு குறைவு. வியாபாரத்திலிருந்து வரும் நிகர வரத்து அதிகமானால் நொடியும் வாய்ப்பு குறைவு. கடன் அதிகமானால் நொடியும் வாய்ப்பு அதிகம். தொழில் நடத்தும் செலவு அதிகமானாலும் நொடியும் வாய்ப்பு அதிகம். படிக்காத பாட்டனுக்கும் தெரிந்த நியாயம்தான் இது. ஆனால் இந்த நான்கில் எது அதிகம் பேசுகிறது என்பதைப் பாட்டனால் எண்ணிச் சொல்ல முடிந்ததில்லை. பீவர் எண்ணினார்.

எண்கள் சொன்ன விடை

முதலிடம் பெற்ற விகிதம், 'பண வரத்தை மொத்தக் கடனால் வகுத்தது'. பண வரத்து என்று அவர் எடுத்துக்கொண்டது, நிகர லாபத்தோடு தேய்மானம் போன்ற, கையை விட்டுப் பணம் போகாத செலவுகளைத் திரும்பக் கூட்டிய தொகை.

நொடிவுக்கு ஓராண்டு முந்தைய கணக்கில் இந்த விகிதத்தை மட்டும் பார்த்து 'இது நொடியும், இது நிற்கும்' என்று பிரித்தபோது, 100க்கு 13 மட்டுமே தவறானது. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கைப் பார்த்துப் பிரித்தபோதும் 22 மட்டுமே தவறு.

வங்கி மேலாளர்களும் கணக்காளர்களும் பெரிதாகப் பேசிவந்த 'நடப்பு விகிதம்' என்ன ஆனது? அதாவது நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுப்பது. ஓராண்டு முன்பு அதன் தவறு 20. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு 45. பூவா தலையா போட்டுப் பார்த்தாலே பாதிக்குப் பாதி சரியாக வரும். 45 தவறு என்றால், அதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

ஏன் இப்படி? இங்கேதான் மளிகைக்காரர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நொடிந்த கம்பெனிகளிடம் ரொக்கம் குறைவாக இருந்தது, வரவேண்டிய பாக்கி அதிகமாக இருந்தது. நடப்புச் சொத்து என்று இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் ஒன்றை மற்றொன்று மறைத்துவிடுகிறது. கூட்டுத்தொகை நன்றாக இருக்கும், கல்லா காலியாக இருக்கும். கையிலே காசு இருந்தால்தானே வாயிலே தோசை?

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. சரக்கு தேங்கியதால்தான் கம்பெனிகள் முழுகின்றன என்று அன்றைய புத்தகங்கள் எழுதின. எண்கள் மாறாகச் சொல்லின. நொடிந்த கம்பெனிகளிடம், நிற்கும் கம்பெனிகளைவிடச் சரக்கு குறைவாகவே இருந்தது. நம் அனுபவத்தில் இதன் காரணத்தை ஊகிக்கலாம். பாக்கி ஏறிவிட்டால் கொள்முதலுக்குக் காசு இருக்காது. சப்ளை செய்பவரும் கையை இறுக்கிவிடுவார். தட்டுகள் ஒவ்வொன்றாக வெறிச்சோடும். முன்வரிசையில் நாலு டப்பா நின்றாலும் பின்னால் ஒன்றும் இருக்காது.

இரண்டு கடைகள்: ஒரு பயிற்சிக் கணக்கு

பாடம் மனதில் நிற்க, பாடத்துக்காக அமைத்த கற்பனைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கடைகள் அடுத்தடுத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் கடை: கையிலும் வங்கியிலும் ரூ.1,50,000. வாடிக்கையாளர் பாக்கி ரூ.1,00,000. சரக்கு ரூ.5,50,000. மொத்தம் ரூ.8,00,000. மொத்த வியாபாரிகளுக்கு உடனே கொடுக்க வேண்டியது ரூ.4,00,000. வங்கியின் தவணைக் கடன் ரூ.3,00,000.

இரண்டாம் கடை: கையிலும் வங்கியிலும் ரூ.20,000. வாடிக்கையாளர் பாக்கி ரூ.4,30,000. சரக்கு ரூ.3,50,000. இதுவும் மொத்தம் ரூ.8,00,000. உடனே கொடுக்க வேண்டியது இங்கும் ரூ.4,00,000. வங்கிக் கடனும் வெளிக் கடனும் சேர்ந்து ரூ.8,00,000.

நடப்பு விகிதத்தைப் பார்த்தால் இரண்டு கடைக்கும் 8,00,000ஐ 4,00,000ஆல் வகுக்க, 2 வருகிறது. இரண்டும் ஒன்றே போலத் தெரிகின்றன.

இப்போது பீவரின் விகிதத்தைப் போடுவோம். முதல் கடையின் ஆண்டு லாபம் ரூ.3,20,000. தேய்மானம் ரூ.30,000. கூட்டினால் ரூ.3,50,000. மொத்தக் கடன் ரூ.7,00,000. விகிதம் 0.50. இரண்டாம் கடையின் லாபம் ரூ.2,10,000. தேய்மானம் ரூ.30,000. கூட்டினால் ரூ.2,40,000. மொத்தக் கடன் ரூ.12,00,000. விகிதம் 0.20. முதல் கணக்கில் ஒன்றாகத் தெரிந்தவை இங்கே பிரிந்துவிட்டன.

நம் தொழிலுக்கு இதில் ஒரு படி சேர்க்க வேண்டும். பீவர் பார்த்தவை கம்பெனிகள். முதலாளியின் சம்பளம் அங்கே செலவில் போய்விடும். நாமோ குடும்பச் செலவைக் கல்லாவிலிருந்து எடுக்கிறோம். ஆகவே அதையும் கழிக்க வேண்டும். முதல் கடைக்காரர் மாதம் ரூ.17,500 வீதம் ஆண்டுக்கு ரூ.2,10,000 எடுக்கிறார். மிச்சம் ரூ.1,40,000. கடனில் ஐந்தில் ஒரு பங்கு. இதே போக்கில் போனால் ஐந்து ஆண்டில் கடன் முழுவதும் அடைபடும். இரண்டாம் கடைக்காரர் மாதம் ரூ.25,000 வீதம் ஆண்டுக்கு ரூ.3,00,000 எடுக்கிறார். மிச்சம் இல்லை. ரூ.60,000 துண்டு விழுகிறது.

இன்னும் ஒரு படி உண்டு. கடனுக்கு விற்ற சரக்கின் லாபமும் லாபக் கணக்கில் ஏறிவிடுகிறது, ஆனால் பணம் வருவதில்லை. இரண்டாம் கடையில் சென்ற ஆண்டுக் கடைசியில் பாக்கி ரூ.3,30,000 இருந்து, இந்த ஆண்டு ரூ.4,30,000 ஆகியிருந்தால், ஏறிய ரூ.1,00,000ஐயும் கழிக்க வேண்டும். துண்டு ரூ.1,60,000 ஆகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? புதுக் கடனிலிருந்து வந்திருக்கும். இல்லையென்றால் சரக்கைக் கரைத்து வந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப் போட்டதில் வந்திருக்கும். லாபக் கணக்கில் ரூ.2,10,000 லாபம் காட்டும் கடை, ஏரியில் கரையும் நீராகப் போய்க்கொண்டிருக்கிறது.

பீவருக்கும் இந்தக் குறை பொருந்தும். லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டுவது உண்மையான பண வரத்துக்குக் கிட்டத்தட்ட வருமே தவிர, அதுவே ஆகாது. அன்று கம்பெனிகள் தனியாகப் பண வரத்து அறிக்கை கொடுப்பதில்லை என்பதால் அவருக்கு வேறு வழி இல்லை. அமெரிக்காவில் அதைக் கட்டாயமாக்கிய கணக்கியல் தரநிலை 1987இல்தான் வந்தது. நமக்கோ ரொக்கப் புத்தகம் கையிலேயே இருக்கிறது.

சந்தை காத்திருக்கிறது: 1968 ஆராய்ச்சி

பீவரின் இரண்டாவது பெரிய ஆராய்ச்சி 1968இல் வந்தது. கம்பெனிகள் ஆண்டு லாபத்தை அறிவிக்கின்றன. அதை யாராவது பொருட்படுத்துகிறார்களா? 'அறிவிப்பு வருவதற்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும், கணக்கு அறிக்கை வெறும் சம்பிரதாயம்' என்று சொன்னவர்கள் அன்று உண்டு. 1961 முதல் 1965 வரை, நியூயார்க் பங்குச் சந்தையிலிருந்த 143 கம்பெனிகளின் 506 அறிவிப்புகளை எடுத்து, ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னும் பின்னும் வாரவாரியாகப் பங்குகளின் கைமாற்றத்தையும் விலை அசைவையும் பீவர் பார்த்தார்.

அறிவிப்பு வந்த வாரத்தில் பங்குகள் கைமாறிய அளவு சாதாரண வாரங்களைவிட 33 சதவீதம் அதிகம். விலை அசைவின் அளவு 67 சதவீதம் அதிகம். அறிவிப்புக்கு முந்தைய வாரங்களில் கைமாற்றம் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தது. கணக்கு வரட்டும், பார்த்துவிட்டுச் செய்வோம் என்று முதலீட்டாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது போல! அதே ஆண்டில் ரே பால், பிலிப் பிரவுன் என்ற இருவர் செய்த ஆராய்ச்சியும் லாபக் கணக்குக்கும் பங்கு விலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. இந்த இரண்டுக்கும் பிறகு கணக்கியல் ஆராய்ச்சியின் திசையே மாறிவிட்டது.

நம் கடைக்குப் பங்குச் சந்தை இல்லை. ஆனால் நம் கணக்குக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. கடன் கொடுக்கும் வங்கி, சரக்கு கொடுக்கும் மண்டி, கூட்டாளி, தொழிலுக்கு வரலாமா என்று யோசிக்கும் மகனோ மகளோ, இவர்கள் எல்லோரும் கணக்கைப் பார்க்காதவரை சந்தேகத்தோடுதான் நிற்பார்கள். நேரத்தோடு காட்டும் கணக்கு நம் வார்த்தைக்கு மதிப்பைக் கூட்டும்.

பின்னர் வந்த பணிகள்

1981இல் பீவர் வெளியிட்ட நூல், நிதி அறிக்கைத் துறையில் நடந்த புரட்சியை விளக்கியது. கணக்கு அறிக்கையின் வேலை 'உண்மையான லாபம்' என்ற ஒரே எண்ணைத் துல்லியமாக அளப்பது என்ற பழைய எண்ணம் விலகி, முடிவெடுப்பவருக்குத் தகவல் கொடுப்பதே அதன் வேலை என்ற பார்வை வந்தது என்பது அதன் சாரம். வருமான வரிக்காக மட்டும் கணக்கு எழுதும் நமக்கு இந்த வாக்கியம் ஒன்றே போதும். கணக்கை முதலில் படிக்க வேண்டியவர் முதலாளிதான்.

1996இல் எலன் எங்கல் என்பவரோடு சேர்ந்து, வங்கிகள் வராக்கடனுக்காக ஒதுக்கும் தொகையை ஆராய்ந்தார். கடன் புத்தகத்தின் நிலை கட்டாயப்படுத்தும் ஒதுக்கீட்டைச் சந்தை கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டது. நிர்வாகம் தன் விருப்பத்தில் கூடுதலாக ஒதுக்கியதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, அதற்கு ஒப்பீட்டில் நல்ல மதிப்பே கிடைத்தது. 'தாங்கும் சக்தி இருப்பவன்தான் தானாக ஒதுக்குவான்' என்று சந்தை நினைத்ததாக இதற்குப் பொருள் கொள்ளலாம். மூன்று ஆண்டாக வராத பாக்கியைப் பேரேட்டில் 'சொத்து' என்று சுமந்துகொண்டிருக்கும் நமக்கும் இது பொருந்தும். அதைத் தள்ளி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2005இல், மவ்ரீன் மெக்நிக்கல்ஸ், ஜங்-வூ ரீ இருவரோடும் சேர்ந்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பீவர் தம் முதல் கேள்விக்கே திரும்பினார். 1962 முதல் 2002 வரையிலான கணக்குகளை வைத்து, நிதி விகிதங்களின் முன்னறியும் சக்தி குறைந்துவிட்டதா என்று சோதித்தார்கள். உலகம் மாறிவிட்டது, கணக்கு விதிகள் மாறிவிட்டன. ஆயினும் விகிதங்களின் சக்தி சற்றே குறைந்ததே தவிர, போய்விடவில்லை. குறைந்ததையும் பங்குச் சந்தைத் தகவல் ஈடுகட்டியது. அவர்கள் பயன்படுத்திய மூன்று விகிதங்களில் ஒன்று, வரத்தை மொத்தக் கடனோடு ஒப்பிடுவது. பழைய விகிதத்தின் தம்பி என்று சொல்லலாம்.

இடையில் எட்வர்டு ஆல்ட்மன் 1968இல் ஐந்து விகிதங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே மதிப்பெண் தரும் முறையைச் செய்ததும், வங்கிகள் அதுபோன்ற முறைகளைக் கையாளத் தொடங்கியதும், பீவர் போட்ட பாதையின் தொடர்ச்சியே.

எச்சரிக்கை: விகிதம் ஜோசியம் அல்ல

பீவரே சொன்ன எச்சரிக்கைகளையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமையாகும்.

முதலாவது, தவறு இரண்டு வகை. நொடியப்போவதை நல்லது என்று நினைப்பது ஒன்று. நல்லதை நொடியும் என்று நினைப்பது மற்றொன்று. ஓராண்டுக்கு முன்பு, நின்ற கம்பெனிகளில் 100க்கு 5 மட்டுமே தவறாகக் கணிக்கப்பட்டன. நொடிந்தவற்றிலோ 22 தவறிப்போயின. அதாவது விகிதம் நன்றாக இருந்தும் நொடிந்தவை உண்டு. இரண்டு தவறுக்கும் விலை ஒன்றல்ல. மண்டிக்காரருக்கு, நொடியப்போகும் கடைக்குச் சரக்கு கொடுத்தால் முதலே போகும். நல்ல கடைக்கு மறுத்தால் அந்த வாடிக்கையின் லாபம் போகும், நல்ல மனிதர் ஒருவரின் மனமும் போகும்.

இரண்டாவது, எல்லோரும் பார்க்கும் விகிதத்தைத்தான் எல்லோரும் ஒப்பனை செய்வார்கள். வங்கி நடப்பு விகிதத்தைப் பார்க்கும் என்று தெரிந்தால், ஆண்டுக் கடைசி வாரத்தில் அதைச் சரிசெய்துவிடலாம். அதனால் பிரபலமான விகிதமே பயனற்றுப் போக வாய்ப்பு உண்டு என்பதை பீவர் குறிப்பிட்டார்.

மூன்றாவது, அவர் எடுத்த கம்பெனிகளின் சராசரிச் சொத்து அன்றைய மதிப்பில் சுமார் 60 லட்சம் டாலர். அங்கே கிடைத்த கோட்டை அப்படியே கொண்டுவந்து நம் கடைக்குப் போடக் கூடாது. அடுத்த கடையோடு ஒப்பிடுவதைவிட, நம் கடையின் சென்ற ஆண்டு எண்ணோடு இந்த ஆண்டு எண்ணை ஒப்பிடுவதே நல்லது. பீவரின் வரைபடத்திலும் நொடிந்தவற்றுக்கும் நின்றவற்றுக்கும் இடைவெளி ஐந்து ஆண்டுக்கு முன்பே தெரிந்தது, ஆண்டுக்கு ஆண்டு விரிந்தும் போனது. நாம் கவனிக்க வேண்டியது அந்தப் போக்கைத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு என்று பிரித்துவிடுவோம். இப்போது கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாங்கும் பணம் நேரே வங்கிக்குப் போகிறது. அது வீட்டுக் கணக்கில் விழுந்தால் கடையின் வரத்து எவ்வளவு என்று நமக்கே தெரியாது.

2. குடும்பத்துக்கு எடுப்பதை மாதம் ஒரு தொகை என்று நிர்ணயித்து, எடுத்த அன்றே எழுதுவோம். கல்லாவிலிருந்து எடுக்கும் நூறு, ஐம்பதும் அதில் சேரும். வீட்டுக்கு எடுத்துப்போகும் அரிசி, பருப்பும் சேரும்.

3. மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் போடுவோம். ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள், அதற்கு மேல் என்று மூன்று பத்தி போதும். மூன்றாம் பத்தி வளர்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

4. கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதுவோம். வங்கி, மண்டி, நகைக் கடன், சீட்டு எடுத்த பாக்கி, கைமாற்று, மைத்துனரிடம் வாங்கியது எல்லாம் அதில் வர வேண்டும். சொந்தக்காரர் கடன் கடனில் சேராது என்று நினைப்பது ஏரிக்கரையில் எலி வளை விடுவது போல.

5. ஆண்டுக்கு ஒருமுறை, லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டி, குடும்பச் செலவையும் ஏறிய பாக்கியையும் கழித்து, மொத்தக் கடனால் வகுப்போம். எண்ணை ஒரே நோட்டில் வரிசையாக எழுதி வருவோம். இரண்டு ஆண்டு தொடர்ந்து இறங்கினால் புதுக் கடன் வாங்கிக் கடையை விரிக்க வேண்டாம்.

6. மொத்த வியாபாரிகள், சில்லறைக் கடைக்காரர் தவணை கேட்கும்போது உடனே கையை விரிக்க வேண்டாம். கொடுத்துக்கொண்டே போகவும் வேண்டாம். பாக்கிப் பட்டியலையும் கடன் பட்டியலையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாம். ஐந்து ஆண்டுக்கு முன்பே தெரியக்கூடிய நோய் என்றால், மருந்து கொடுக்கவும் காலம் இருக்கிறது. தவணையைப் பிரித்துக் கொடுத்து, புதுச் சரக்குக்கு மட்டும் ரொக்கம் கேட்டால் இருவருக்கும் பாதுகாப்பு.

கணக்கப்பிள்ளையோ ஆடிட்டரோ மார்ச் 31க்குப் பிறகு ஐந்தொகை கொண்டுவரும்போது, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடுவதற்கு முன்னால் மூன்று எண்களைக் கேட்டு வாங்குவோம்: சென்ற ஆண்டு பாக்கி, இந்த ஆண்டு பாக்கி, மொத்தக் கடன். மற்றதை மேலே சொன்னபடி நாமே ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக்கொள்ளலாம். கூட்டல், கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். கடையில் தினமும் செய்வதைவிட இது சுலபம்.